படகு நிற்கும் மாதங்களில் ஆசிட் பேட்டரியைக் கெடாமல் வைத்திருப்பது

படகை நாலு மாதமோ ஆறு மாதமோ நிறுத்தப் போகிறீர்கள் என்றால், தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியை மூன்று விஷயங்கள் கெடுக்கும். அரைகுறை சார்ஜில் கிடப்பது, ப்ளேட் தண்ணீருக்கு வெளியே தெரியும்படி வறள்வது, சார்ஜரை எந்நேரமும் போட்டுவைத்துக் கொதிக்க விடுவது. முதல் இரண்டுக்கும் பலர் பயப்படுவார்கள். மூன்றாவதைப் பராமரிப்பு என்றே நினைத்துக்கொள்வார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றக்கூடிய 12 வோல்ட் பேட்டரிக்கு, அல்லது இரண்டு 6 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்த அமைப்புக்கு. ஜெல், ஏஜிஎம், லித்தியம் ஆகியவற்றுக்கு இந்த வோல்டேஜ் எண்கள் பொருந்தாது.

ஏன் தானாக இறங்குகிறது

பேட்டரியில் எந்த ஒயரும் மாட்டாமல் வைத்தாலும் அது மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ளது 25 டிகிரி செல்சியஸில் மாதம் 5 சதவீத அளவில் இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வெயிலில் மூடிக் கிடக்கும் படகின் உள்ளறை 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே இரண்டு மாதத்தில் கால்வாசிக்கு மேல் போய்விடும். பழைய பேட்டரி இன்னும் வேகமாக இறங்கும். பாசிட்டிவ் ப்ளேட்டின் ஈயச் சட்டத்தில் கலந்திருக்கும் ஆண்டிமனி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நெகட்டிவ் ப்ளேட்டில் படிவதுதான் காரணம்.

இறங்கும்போது இரண்டு ப்ளேட்டிலும் ஈய சல்பேட் உண்டாகிறது. புதிதாக உண்டான சல்பேட் மென்மையான பொடி, சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பெரிய படிகங்களாக இறுகும். இறுகியது கரையாது, ப்ளேட்டின் அந்தப் பகுதி இனி வேலைக்கு ஆகாது. பேட்டரி 12 வோல்ட் காட்டும், ஆனால் ஸ்டார்ட்டரை ஒரு சுற்றுக்கு மேல் சுற்றாது. எனவே கீழே வரும் எல்லா வேலைக்கும் நோக்கம் ஒன்றே: நிஜமாகவே முழு சார்ஜில் நிறுத்துவது, அதிலிருந்து முக்கால் பங்குக்குக் கீழே இறங்க விடாமல் பார்ப்பது.

கையில் இருக்க வேண்டியவை

கண்ணாடிக் கூடு உள்ள ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி), டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், டிஸ்டில்டு வாட்டர், சமையல் சோடா, பழைய டூத் பிரஷ், ஒயர் பிரஷ், வாசலின், கைப்பிடியில் டேப் சுற்றிய ஸ்பானர், ரப்பர் கையுறை, பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. ஒரு வாளி நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பானர் இரு டெர்மினலிலும் ஒரே நேரத்தில் பட்டால் பாயும் கரண்ட் உலோகத்தையே உருக்கிவிடும்.

சார்ஜின்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் ஆனாலே பற்றிக்கொள்ளும். பேட்டரிப் பெட்டியின் மூடியையும் உள்ளறைக் கதவையும் திறந்து வையுங்கள். கிளிப்பை மாட்டுவதும் எடுப்பதும் சார்ஜரை அணைத்த பிறகே.

முதலில் மேல்பக்கத்தைத் துடையுங்கள்

இதைப் பலர் அழகுக்காகச் செய்யும் வேலை என்று நினைக்கிறார்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை நெகட்டிவ் டெர்மினலில் அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு முனையை பேட்டரியின் பிளாஸ்டிக் மேல்பக்கத்தில், பாசிட்டிவ் டெர்மினலை ஒட்டி மெல்ல இழுத்துப் பாருங்கள். சுத்தமான பேட்டரியில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். ஆசிட் ஈரமும் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து பசைபோலப் படிந்திருந்தால் மீட்டரில் அரை வோல்ட், ஒரு வோல்ட், சிலவற்றில் அதற்கு மேலும் ஏறும். அந்தப் பசை வழியாக இரவும் பகலும் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சமையல் சோடா கலந்து, மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிரஷால் தேயுங்கள். நுரை வரும். நுரை அடங்கும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்து, உலர்த்துங்கள். சோடாக் கரைசல் ஒரு துளிகூட செல்லுக்குள் (ஒவ்வொரு மூடிக்கும் கீழே உள்ள தனி அறை) போகக்கூடாது. உள்ளே போனால் ஆசிட்டைத்தான் அது தின்னும்.

டெர்மினல் லக்கில் (கேபிள் முனையின் உலோகக் கவ்வி) வெள்ளை, பச்சைப் பூப்பு இருந்தால் கழற்றி ஒயர் பிரஷால் ஈயம் பளிச்சிடும்வரை தேயுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வாசலினை லக்கை இறுக்கிய பிறகு மேலே பூசுங்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் அப்பிவிட்டு இறுக்க வேண்டாம்.

தண்ணீர்: எப்போது, எவ்வளவு

சார்ஜ் ஏறும்போது உள்ளே திரவத்தின் மட்டம் உயரும். அதனால் முழுவதும் நிரப்பும் வேலை சார்ஜ் முடிந்த பிறகுதான். முன்னாலேயே விளிம்புவரை ஊற்றினால் மூடி வழியாக ஆசிட் பொங்கி வழியும். வழிந்த ஆசிட் திரும்ப வராது, அந்த செல் அன்றிலிருந்து கொஞ்சம் பலவீனம்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ப்ளேட்டின் மேல் விளிம்பு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றி, பிறகு சார்ஜ் போடுங்கள். சார்ஜ் முடிந்ததும், ஊற்றும் வாயின் உள் குழாய் கீழே முடியும் இடத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழேவரை நிரப்பி நிறுத்துங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். தீக்குச்சியோ லைட்டரோ பக்கத்தில் வரவே கூடாது.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். இரும்பு தானாக இறங்குவதைக் கூட்டும், குளோரைடு பாசிட்டிவ் ப்ளேட்டை அரிக்கும். குடிக்கும் ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும், அதுவும் வேண்டாம். ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம். ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட ஆசிட் அடர்த்தி) குறைவாகக் காட்டுகிறதே என்று ஆசிட் சேர்த்தால் ஹைட்ரோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டும், ப்ளேட்டில் இறுகிய சல்பேட் அப்படியே இருக்கும்.

முழு சார்ஜ் என்றால் எது

சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தால் முழு சார்ஜ் என்று நம்ப வேண்டாம். பல சார்ஜர்கள் குறிப்பிட்ட நேரம் ஆனதும் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும், பேட்டரி 90 சதவீதத்தில் நிற்கும். மிச்சமுள்ள அந்தப் பத்து சதவீத சல்பேட்தான் ஆறு மாதத்தில் இறுகிப் போகிறது.

25 டிகிரியில் அப்சார்ப்ஷன் கட்டத்தின் (வோல்டேஜை உயரத்தில் நிறுத்தி மிச்ச சார்ஜை ஏற்றும் கட்டம்) வோல்டேஜ் 14.4 முதல் 14.8 வரை இருக்க வேண்டும். பேட்டரி உற்பத்தியாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி. வெப்பம் ஒவ்வொரு டிகிரி கூடுவதற்கும் 0.03 வோல்ட் அளவு குறைக்க வேண்டும், குளிருக்கு அதேபோல் கூட்ட வேண்டும். 35 டிகிரி என்றால் 0.3 வோல்ட் குறைவு. சார்ஜரில் வெப்ப சென்சார் இருந்தால் அதைப் பேட்டரியின் உடலில் ஒட்டுங்கள், சுவரில் தொங்க விடாதீர்கள்.

100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இந்த வோல்டேஜில் உள்ளே போகும் கரண்ட் 1 அல்லது 2 ஆம்பியராகக் குறைய வேண்டும். அதற்குப் பிறகு மணிக்கு ஒருமுறை கிராவிட்டி பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை எண் ஏறவில்லை என்றால்தான் முழு சார்ஜ்.

ஹைட்ரோமீட்டரைப் படிப்பது

குழாயை செல்லுக்குள் விட்டு, பல்பை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டுக் கழுவிவிட்டு, மிதவை எங்கும் ஒட்டாமல் தனியாக மிதக்கும் அளவுக்கு இழுங்கள். கருவியை நேராகப் பிடித்து, கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். ஓரத்தில் வளைந்து ஏறியிருக்கும் கோட்டை எடுக்காமல் நடுவில் உள்ள மட்டத்தை எடுங்கள். எடுத்ததை அதே செல்லிலேயே திரும்ப விடுங்கள். ஆறு செல்லையும் எழுதுங்கள், பாசிட்டிவ் பக்கம் முதல் செல் என்று எப்போதும் ஒரே வரிசையில். புதிதாகத் தண்ணீர் ஊற்றியவுடன் எடுத்த எண் பொய். தண்ணீர் மேலே மிதந்துகொண்டிருக்கும், சார்ஜில் குமிழி வந்து கலந்த பிறகே எடுக்க வேண்டும்.

25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டுங்கள், கீழே போனால் கழியுங்கள். 35 டிகிரியில் 1.260 காட்டினால் உண்மை 1.267. 5 டிகிரியில் 1.280 காட்டினால் உண்மை 1.266 மட்டுமே.

சார்ஜ் போட்டு 12 மணி நேரமாவது ஓய்வில் இருந்த பேட்டரியில் தோராயமாக:

முழு சார்ஜ்: கிராவிட்டி 1.265, வோல்ட் 12.65
முக்கால்: 1.225, 12.45
பாதி: 1.190, 12.24
கால்: 1.155, 12.06
காலி: 1.120, 11.89

வெப்பநாட்டுக்கென்று தயாரிக்கும் சில பேட்டரிகளில் முழு சார்ஜிலேயே 1.240 அளவுதான் இருக்கும், அதன் வோல்டேஜும் அதற்கேற்பக் குறையும். ஆகவே புதிதாக வாங்கியபோது முழு சார்ஜில் எவ்வளவு காட்டியது என்பதைப் பேட்டரி மேலேயே மார்க்கரில் எழுதி வைத்திருப்பது பிறகு எல்லாக் குழப்பத்தையும் தவிர்க்கும். வோல்டேஜ் ஆறு செல்லுக்கும் சேர்த்து ஒரே எண் தருகிறது. ஐந்து நல்ல செல் நடுவில் ஒரு கெட்ட செல் ஒளிந்துகொள்ளும். ஹைட்ரோமீட்டரிடம் ஒளிய முடியாது.

ஈக்வலைஸ் எப்போது

செல்களுக்கிடையே 0.030-க்கு மேல் வித்தியாசம் இருந்தால், அல்லது எல்லா செல்லும் சேர்ந்து வழக்கத்தைவிடக் குறைவாகவே நின்றால், நிறுத்துவதற்கு முன் ஒரு ஈக்வலைஸ் சார்ஜ் (செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் ஏற்றுவது) கொடுங்கள். தேவையில்லாமல் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறையும் பாசிட்டிவ் ப்ளேட் கொஞ்சம் உதிரும்.

முதலில் முழு சார்ஜ். பிறகு படகின் எல்லா மின்கருவிகளையும் பேட்டரியிலிருந்து பிரித்துவிடுங்கள். 15.5 முதல் 16 வோல்ட்வரை போகப்போகிறது, ரேடியோவும் ஜிபிஎஸ்ஸும், படகின் அடித்தளத்தில் (பில்ஜ்) தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பின் மிதவை ஸ்விட்சும் அதைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க இது நேரமல்ல. 100 ஆம்பியர்-மணிக்கு 3 முதல் 5 ஆம்பியர் போதும். மூடிகள் தங்கள் இடத்திலேயே இருக்கட்டும். மணிக்கு ஒருமுறை கிராவிட்டியும் வெப்பமும் பாருங்கள். எண் ஏறுவது நின்றால் முடித்துவிடுங்கள். ஆசிட் 50 டிகிரியைத் தொட்டால் உடனே அணைத்து ஆற விடுங்கள். ஆள் இல்லாமல் இதை ஓட விட்டுப் போகவே கூடாது. கடைசியில் தண்ணீர் மட்டம் குறைந்திருக்கும், நிரப்புங்கள்.

பிரித்துவிடுங்கள், நிஜமாகவே

மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதும் என்பது படகில் பொய்யாகிவிடும். பில்ஜ் பம்ப், கேஸ் அலாரம், ஸ்டீரியோவின் மெமரி ஒயர், பேட்டரி மானிட்டர், சில சோலார் கன்ட்ரோலர்கள் எல்லாம் ஸ்விட்சுக்கு முன்னாலேயே நேராகப் பேட்டரியில் மாட்டப்பட்டிருக்கும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் நடுவில் மாட்டிப் பாருங்கள். அந்த நேரத்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவோ இன்வெர்ட்டரைப் போடவோ வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

20 மில்லி ஆம்பியர் என்பது பார்க்க ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 14-க்கு மேல், மூன்று மாதத்தில் 43. இதோடு தானாக இறங்குவதும் சேர்ந்தால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி பாதிக்கும் கீழே போய்விடும்.

படகு கரையில் ஏறிவிட்டது என்றால் எல்லாக் கேபிளையும் கழற்றி, ஒவ்வொரு முனையிலும் டேப் சுற்றுங்கள். இணையாக மாட்டிய பேட்டரிகளுக்கு நடுவிலுள்ள இணைப்பையும் எடுத்துவிடுங்கள். ஒன்றில் ஒரு செல் ஷார்ட் ஆனால் மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தொடராக மாட்டிய இரண்டு 6 வோல்ட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

எங்கே வைப்பது

தூக்கிச் செல்ல முடிந்தால், குளிர்ந்த, காற்றோட்டமான, வெயில் படாத இடம் சிறந்தது. சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய ரப்பர், மரப் பெட்டி காலத்துப் பேச்சு. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையால் ஒன்றும் ஆகாது. தூக்கும்போது நேராகத் தூக்குங்கள், சாய்த்தால் மூடித் துளை வழியாக ஆசிட் வழியும்.

உறைபனி விழும் இடத்தில் ஒன்றை மறக்கக்கூடாது. முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரிக்குக் கீழேயும் உறையாது. காலியானது மைனஸ் 10 டிகிரியை ஒட்டி உறையும், உறைந்தால் பெட்டி வெடித்துப் பிளக்கும். உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் சார்ஜ் போடாதீர்கள். முழுக்க இளகும்வரை காத்திருந்து, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படகிலேயே விடுவதானால் பேட்டரி ஆசிட் தாங்கும் தட்டில், பட்டையால் கட்டப்பட்டு, பில்ஜ் நீர் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும். கடல்நீர் ஆசிட்டோடு கலந்து சார்ஜும் ஓடினால் குளோரின் வாயு வரும். மூடிய உள்ளறையில் அது ஆளைக் கொல்லும்.

தண்ணீரில் மிதக்கும் படகு

இங்கேதான் சிக்கல், பில்ஜ் பம்புக்குக் கரண்ட் வேண்டும். 5 ஆம்பியர் இழுக்கும் பம்ப் மணிக்கு ஒரு நிமிடம் ஓடினாலே ஒரு நாளைக்கு 2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 60. ஒரு பேட்டரியைப் பம்புக்கென்று ஒதுக்கி, மற்றவற்றைப் பிரித்துவிடுங்கள். ஒதுக்கியதற்கு 20 வாட் சோலார் பேனலும், தண்ணீர் ஊற்றும் வகை என்று செட்டிங் உள்ள கன்ட்ரோலரும் போடுங்கள். நல்ல வெயிலில் ஒரு ஆம்பியரை ஒட்டிக் கிடைக்கும், நாலைந்து மணி நேரத்தில் 4 ஆம்பியர்-மணி வரும். பாய்மரத்தின் நிழல் ஒரு கோடாக விழுந்தாலும், பறவை எச்சம் இரண்டு இடத்தில் இருந்தாலும் உற்பத்தி படுத்துவிடும், எனவே சந்தேகம் இருந்தால் 40 வாட். கன்ட்ரோலரில் பேட்டரியை முதலில் மாட்டுங்கள், பேனலைப் பிறகு. பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் கட்டாயம்.

கரை மின்சாரத்தில் சார்ஜரை மாதக்கணக்கில் விட்டுப் போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முழு சார்ஜில் பிடித்துவைக்கும் 13.5 வோல்ட் ஃப்ளோட் 25 டிகிரியில் சரி, 35 டிகிரியில் அது அதிகம், தண்ணீர் மெல்ல வற்றும். இதைவிட மோசம், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பல சார்ஜர்கள் மறுபடி 14.4-லிருந்து ஆரம்பிக்கும். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் அந்தப் பேட்டரி தினமும் கொதிக்கும். எதிர்ப்பக்கம், ஃப்ளோட்டில் குமிழியே வராததால் அடர்ந்த ஆசிட் அடியில் தங்கி, ப்ளேட்டின் கீழ்ப்பகுதியை சல்பேட் பிடிக்கும். போதாதென்று, கரையின் எர்த் ஒயர் வழியாகப் பக்கத்துப் படகுகளோடு உங்கள் படகின் நீரடி உலோகங்களும் இணைந்துவிடும். அந்த ஒயரில் இப்படிப் பாயும் சிறு கரண்டைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் இல்லாவிட்டால், மற்ற உலோகத்துக்குப் பதிலாக அரிபட மாட்டியிருக்கும் துத்தநாகத் துண்டுகளும், அவை தீர்ந்த பிறகு புரொப்பெல்லரும் அரிக்கும். கட்டாயம் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஐசொலேட்டரும், 13.2 வோல்ட்டில் நின்று வாரம் ஒருமுறை சிறிது நேரம் முழு வோல்டேஜுக்குப் போகும் ஸ்டோரேஜ் முறை உள்ள சார்ஜரும் வேண்டும்.

மாதம் ஒருமுறை

வெப்பம் 30 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தில் மாதம் ஒருமுறை, குளிரான இடத்தில் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முதலில் வோல்ட், பிறகு ஆறு செல் கிராவிட்டி, பிறகு தண்ணீர் மட்டம். 12.5-க்குக் கீழே வந்திருந்தால் அன்றே சார்ஜ் போடுங்கள், அடுத்த முறைக்குத் தள்ள வேண்டாம். அப்சார்ப்ஷன் வோல்டேஜில் எல்லா செல்லிலும் குமிழி வரும்வரை ஓட விடுங்கள், கலக்குவதும் அதுதான். முடிந்ததும் சார்ஜரைப் பிரித்துவிட்டு வாருங்கள்.

எழுதிய எண்கள் இரண்டு மூன்று மாதத்தில் பேச ஆரம்பிக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 கீழே நின்று, ஈக்வலைஸுக்குப் பிறகும் ஏறவில்லை என்றால் அது ஷார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது, பேட்டரியை மாற்றுவதுதான் வழி. எல்லா செல்லும் சமமாக, அதிகமாகத் தண்ணீர் குடித்தால் வோல்டேஜ் கூடுதல், சார்ஜரைப் பாருங்கள். உறிஞ்சிய ஆசிட் பழுப்பாகக் கலங்கியிருந்தால் பாசிட்டிவ் ப்ளேட் உதிர்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சார்ஜரைத் தூரத்திலேயே அணைத்து, உள்ளறையைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். பெட்டி உப்பியிருந்தாலும் அப்படியே.

மறுபடி கடலில் இறக்கும் முன்

முழு சார்ஜ், 12 மணி நேரம் ஓய்வு, பிறகு ஆறு செல் கிராவிட்டி. ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு, எஞ்சினைச் சுற்றும்போது டெர்மினலிலேயே மீட்டரைப் பிடித்துப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதை நம்பிப் போக வேண்டாம்.

விளக்கு, ஃபிரிட்ஜ் ஓட்டும் பேட்டரியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதை அதன் திறனில் இருபதில் ஒரு பங்கு கரண்டில், அதாவது 100 ஆம்பியர்-மணிக்கு 5 ஆம்பியரில், 10.5 வோல்ட் வரும்வரை இறக்கி நேரம் பாருங்கள். புதியது 20 மணி நேரம் தாங்கும். 16 மணிக்குக் கீழே என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. எத்தனை மணி வந்தாலும், சோதனை முடிந்த கையோடு சார்ஜரை மாட்டுங்கள், காலியான பேட்டரியை ஓர் இரவுகூட அப்படியே விட வேண்டாம்.